மழை விட்டதும் உன் பேர்

கெசியா டீச்சரிடம் ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகளுக்கு அ, ஆ என்று வரிசையாகச் சொல்லத் தெரியாது. ஆனால் சுவரில் எழுதியிருப்பதை வாசித்துவிடுவார்கள். இந்த இரண்டில் எது படிப்பு என்று எங்கள் ஊரில் பல வருஷம் சண்டை நடந்தது.

சேரன்மகாதேவியிலிருந்து ஆற்றோரமாகப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தொடக்கப் பள்ளி. நான் அதில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். ஒரே நீளக் கட்டடம், மேலே ஓடு. என் வகுப்புக்கும் கெசியா டீச்சரின் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி மட்டும்தான். தட்டி கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. ஆகையால் அந்த அம்மாள் நடத்திய பாடம் அத்தனையையும் நான் காதாலேயே படித்திருக்கிறேன்.

முதல் பாடம் ட. அப்புறம் ப, அப்புறம் ம. 'பானா', 'மானா' என்றெல்லாம் யாரும் சொல்லக் கூடாது. அந்த எழுத்து என்ன சத்தம் போடுகிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு சத்தத்துக்கு ஒரு விரலை மடக்க வேண்டும். ப, ட, ம். மூன்று விரலும் மடங்கியதும் கையை வீசி ஒரே மூச்சில் படம் என்று சொல்ல வேண்டும். இப்படி ஒவ்வொரு சத்தமாகச் சேர்த்துக்கொண்டே போவார். நடத்தாத எழுத்து ஒன்றுகூடப் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது என்பதால் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொற்களைத் தானே கரும்பலகையில் எழுதிப் போடுவார்.

பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "அனா ஆவன்னா சொல்லாம ட ப ம, ட ப மன்னு அடிக்கச் சொல்லுதாவளே, பிள்ளைய என்ன தவில் படிக்கவா அனுப்புதோம்" என்று தலைமை ஆசிரியர் பெரிய சாரிடம் வந்து நின்றார்கள். நானும் என் பங்குக்கு, "இன்னிக்கு யார் வீட்டுக் கல்யாணம் டீச்சர்?" என்று தட்டிக்கு மேலாகக் கேட்பேன். அவருக்குக் கோபம் வராது. அவர் நாசரேத் பக்கத்துப் பெண், பாளையங்கோட்டையில் தங்கி தினமும் பஸ்ஸில் வந்து போனார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பாத்துக்கிட்டிருந்தாங்க, அதுக்குள்ள பள்ளிக்கூடம் தெறந்துட்டு" என்பார்.

ஏன் இப்படி நடத்துகிறார் என்று ஒருமுறை அவரே சொன்னார். சின்ன வயசில் பாடப் புத்தகம் முழுவதையும் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவாராம். எழுத்து ஒன்றும் தெரியாது. நான்காம் வகுப்புப் படிக்கும்போது ஓய்வுநாள் பள்ளியில் வேதப் புத்தகத்தை விரித்துப் புது இடம் ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள். மொத்தச் சபைக்கும் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றாராம். "எங்கிட்டப் படிக்கிற ஒரு பிள்ளகூட அப்பிடி நிக்கக் கூடாது சார்" என்றார். அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும் என்று அப்போது நினைத்தேன்.

அந்த வகுப்பில்தான் கலையரசி வந்து சேர்ந்தாள். அப்பா மகாராஜன் வாழைத்தார் சுமக்கிறவன், அம்மா இசக்கியம்மா பீடி சுற்றுகிறவள். வகுப்பு முழுவதும் 'படம்' என்று கத்தி முடித்த பிறகு, ஒரு குரல் மட்டும் தனியாக, பைய, 'படம்' என்று வரும். தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். மந்தமான பிள்ளை என்றுதான் நானும் நினைத்தேன். கெசியா டீச்சர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "மத்ததெல்லாம் பக்கத்துப் பிள்ள வாயப் பாத்துச் சொல்லுது சார். இவ ஒருத்திதான் பலகையப் பாத்து வாசிக்கா. அதான் பிந்துது" என்றார்.

கலையரசிக்கு ஒரே ஆசை, தன் பெயரை வாசிக்க வேண்டும். தினமும் கேட்பாள். க வந்துவிட்டது, ய வந்துவிட்டது, ர வந்துவிட்டது, சி வந்துவிட்டது. லை வரவில்லை. அதற்கு ல-வுக்கு முன்னால் வருகிற சங்கிலிக் கொம்பு நடத்த வேண்டும். டீச்சர் வரிசையை மாற்றுகிற ஆள் இல்லை.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசிக் கடைசியில் வந்த வெள்ளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்துக்கு முன்பே மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை மதியம் விட்டுவிட்டோம். வாசலில் கலையரசி டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரு எப்ப டீச்சர்?" என்றாள். அடுத்த பாடம் சங்கிலிக் கொம்புதான். "மழை விட்டதும் உன் பேர்" என்றார் டீச்சர்.

வெள்ளத்தில் அவள் போகவில்லை. வெள்ளம் வடிந்து, எல்லாரும் பழையபடி ஆற்றில் துணி துவைக்க இறங்கிய பிறகு போனாள். கணுக்கால் தண்ணீர் நின்ற இடத்தை வெள்ளம் தோண்டி ஆள் முங்கும் கசமாக்கியிருந்தது. மேலே பார்த்தால் பழைய ஆறுதான். இசக்கியம்மா ஒரு சேலையைப் பிழிந்துவிட்டுத் திரும்பினாள், பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காணோம்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று கெசியா டீச்சர் வழக்கம்போல் வந்தார், வழக்கம்போல் பாடம் நடத்தினார். என்ன நடத்தினார் என்பதை நான் கவனிக்கவில்லை. அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்தபோதுதான் தெரிந்தது. 'மழை' என்று எழுதிப் போட்டேன். 'ம' என்று சொல்லிவிட்டு மொத்த வகுப்பும் என் முகத்தைப் பார்த்தது. தலை, வாழை, பானை, எதுவும் வரவில்லை. மற்றதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. "அது இன்னும் நடத்தல சார்" என்றான் முன்வரிசைப் பையன்.

டீச்சரிடம் கேட்டேன். "வெள்ளத்துல நாள் போயிட்டு சார்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த எழுத்தை நானே நடத்திக்கொண்டேன்.

ஆனி மாதம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை. "எங்கிளாஸ்ல ஒரு குரல் பிந்தி வருது. ஒங்களுக்குக் கேக்குதா சார்?" என்றார்.

"புதுசா சேந்ததுல ஒண்ணு மந்தமா இருக்கும்."

"அப்பிடித்தான் நெனச்சேன். ஒவ்வொரு பிள்ளையா வெளிய அனுப்பிப் பாத்தேன். கடைசில ரெண்டு பேர மட்டும் நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். மூணு குரல் கேட்டுது."

ஓட்டுக் கட்டடம், சத்தம் திரும்பும், என் வகுப்புப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்லியிருக்கும் என்று நாலு காரணம் அடுக்கினேன். மறுநாள் என் வகுப்பை வாய்மேல் விரல் வைத்து உட்கார வைத்துவிட்டுத் தட்டியோரம் போய் நின்றேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் 'மரம்' என்றார்கள். கொஞ்சம் கழித்து, பைய, ஒரு 'மரம்' வந்தது. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இருபது வருஷமாக நான் வேலை பார்க்கிற கட்டடம். எனக்குத் தெரியாத ஒரு பிள்ளை அதற்குள் எப்படி வரலாம்? அன்றைக்கு என் வகுப்பில் காரணம் இல்லாமல் இரண்டு பேர் அடி வாங்கினார்கள்.

ஆடி பிறந்ததும் இசக்கியம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கல்யாணமாகாத பெண்பிள்ளை இறந்துபோனால் இந்தப் பக்கத்து வீடுகளில் அவளைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஒரு ஓலைப்பெட்டியில் பாவாடை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து, வீட்டின் தென்மேற்கு மூலையில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். மகாராஜன் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி தொங்கியது. அதற்கப்புறம் அந்த வீட்டில் பிள்ளையின் பேரை யாரும் சொல்வதில்லை. பாப்பா என்பார்கள், இல்லாவிட்டால் கன்னி என்பார்கள்.

"பாப்பா கனவுல வாரா டீச்சர். மீதி எழுத்த எப்பச் சொல்லித் தருவாவன்னு கேக்கா" என்றாள் இசக்கியம்மா. "புதுப் பாவாட வச்சோம், கொலுசு வச்சோம், அடங்க மாட்டேங்கா. குறி சொல்லுதவர்ட்ட கேட்டோம். கேட்டதக் குடுத்தாத்தான் அடங்குவாளாம். நீங்க வந்து பெட்டிக்கு முன்னால உக்காந்து சொல்லிக் குடுங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். கெசியா டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "வாரேன்" என்றார்.

அவள் போனதும், "ஒங்க சபையில கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"பாடம் எடுக்கப் போறேன்னு சொல்லுவேன். அது பொய்யில்லல்லா."

செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டதும் போனார். என்ன நடக்கிறது என்று மறுநாள் என்னிடம் சொல்லுவார். முதல் நாள் பெட்டிக்குக் கீழே விளக்கு ஏற்றி வைத்து, அதற்கு எதிரே சிலேட்டோடு டீச்சரை உட்கார வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் இசக்கியம்மா உட்கார்ந்துகொண்டாள். மகள் எந்த எழுத்தில் விட்டாளோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று டீச்சர் ஒரு சொல்லை எழுதினார். சிலேட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு எல்லாம் மறந்துட்டாம் டீச்சர். மொதல்லருந்து வேணுமாம்" என்றாள் இசக்கியம்மா. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆகவே டீச்சர் ட என்று எழுதினார். பீடி சுற்றி நுனி காய்த்துப்போன விரலை மடக்கி, மகளுக்காக அவள் 'ட' என்றாள்.

அதோடு வகுப்பில் அந்தக் குரல் நின்றுவிட்டது. "அவ அங்கன படிக்கா சார். இங்கன வர்றதில்ல" என்றார் கெசியா டீச்சர். இதைச் சொல்லும்போது அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மார்கழியில் சேரன்மகாதேவி போயிருந்தபோது பீடிக்கடை வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இசக்கியம்மா பீடித் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை ஒரு பார்வை பார்த்தாள். "நாளைக்குக் கடை கெடையாதாம்ளா, எழுதிப் போட்டுருக்கான்" என்று மற்றவர்களிடம் சொன்னாள். நான் போய்த் தாளைப் பார்த்தேன். 'நாளை விடுமுறை' என்று இருந்தது. இரண்டு சொல்லிலும் சங்கிலிக் கொம்பு. அதை டீச்சர் இன்னும் அவளுக்கு நடத்தவில்லை என்று எனக்குத் தெரியும். கற்ற எழுத்துகளை வைத்துக்கொண்டு கல்லாத எழுத்தை அவளாகவே பிடித்திருக்கிறாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். "யாரோ சொன்னாவ சார்" என்றாள்.

கெசியா டீச்சரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று மறுநாள் போனேன். "அவளுக்கு எல்லாம் தெரியுது டீச்சர். தெரியாத மாதிரி நடிச்சு ஒங்கள ஏமாத்துதா."

"தெரியும் சார்" என்றார் அவர். "மரம்னு எழுதுனா மடம்னு சொல்லுதா. அடுத்த நாள் மடம்னு எழுதுனா மரம்னு சொல்லுதா. தெரியாதவங்க இப்பிடி ஒழுங்காப் பிழை செய்ய மாட்டாங்க. பாடம் முடிஞ்சா கன்னி அடங்கிருவா, அப்புறம் கனவுல வரமாட்டான்னு அவளுக்குப் பயம்."

"பெறகு எதுக்குப் போறீங்க?"

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சங்கிலிக் கொம்ப நானும் அவகிட்டக் கொண்டு போகல. இங்க கிளாஸ்லயும் நடத்தல. அத நடத்திட்டா கலையரசிக்கு நான் குடுத்த வாக்கு தீந்துபோயிரும். அது இருக்கிற வரைக்கும் அவ எங்கிட்டப் படிக்கிற பிள்ள. அத விட எனக்கு மனசில்ல சார்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்த பிள்ளைக்காக உயிரோடு இருக்கிற நாற்பது பிள்ளைகள் மழை என்ற சொல்லை வாசிக்கத் தெரியாமல் போக வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் அழுதார்.

தை பிறந்த பிறகு மகாராஜன் என்னைத் தேடி வந்தான். துண்டைக் கசக்கிக்கொண்டு நின்றான். "என்னடே?" என்றேன்.

"ராத்திரி ரெண்டு தட்டுல சோறு போடுதா சார். ஒண்ணு பாப்பாவுக்கு, ஒண்ணு அவளுக்கு. நான் கேட்டாத்தான் எனக்கு. பெட்டிக்கு அடியிலயே படுத்துக்கிடுதா. எம் பிள்ளயும்தான் சார் போச்சு, எனக்கு மட்டும் இல்லையா? பிள்ளதான் போயிட்டு, எனக்கு எம் பொண்டாட்டியாவது வேணும். டீச்சர்ட்ட சொல்லி அந்தப் பாடத்த முடிச்சு வையிங்க."

அவன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கெசியா டீச்சரிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தட்டிக்கு அந்தப் பக்கம் கை, தலை, மழை என்று பிள்ளைகள் கத்துவது கேட்டது. அன்று முழுவதும் நான் என் வகுப்புக்கு ஒன்றும் நடத்தவில்லை. சாயங்காலம், "நீங்களும் கூட வாங்க சார்" என்றார். போனேன்.

விளக்கு ஏற்றியிருந்தது. மகாராஜன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இசக்கியம்மா பெட்டிக்கு அடியில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் சங்கிலிக் கொம்பை எழுதிக் காட்டினார், அது என்ன சத்தம் போடும் என்று சொன்னார். கை என்று எழுதினார். இசக்கியம்மா 'கா' என்றாள். தலை என்று எழுதினார். 'தலா' என்றாள். டீச்சர் திருத்தவில்லை. சிலேட்டைத் துடைத்துவிட்டு, நிதானமாக, பெரிய எழுத்தில் கலையரசி என்று எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

பிள்ளைகள் வாசிப்பதைப் பார்த்தே வயசான எனக்கு, ஒரு ஆள் எழுத்தை வெறுமனே பார்க்கிறாரா வாசிக்கிறாரா என்று கண்ணை வைத்தே சொல்லத் தெரியும். அவள் கண் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை போய் அங்கேயே நின்றது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏளா, சொல்லிரு" என்றான் மகாராஜன். அவன் குரல் கெஞ்சியது.

அவள் தலையை ஆட்டினாள். கையை எடுக்காமலே பேசினாள். "அன்னிக்கு ஆத்துல நின்னு கூப்பிட்டேன் டீச்சர். தொண்ட கிழியக் கூப்பிட்டேன், அவ வரல. பெறவு அந்தப் பேர நான் சொல்லவே இல்ல. நான் கூப்பிடல, அதான் அவ வரலன்னு இருந்துக்கிட்டேன். இப்ப வாசிச்சா அது கூப்பிட்டதாயிரும். கூப்பிட்டும் வரலன்னா நான் என்ன செய்ய?"

பாதியிலேயே எழுந்து வந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கெசியா டீச்சர் எழுந்திருக்கவில்லை. தன் வலது கையை உயர்த்தி ஒரு விரலை மடக்கி, 'க' என்றார். இசக்கியம்மா அந்த விரலையே பார்த்தாள். வாயிலிருந்து கையை எடுத்து அவளும் ஒரு விரலை மடக்கினாள். 'லை' என்றார் டீச்சர், அவளும் சொன்னாள். 'ய' என்றார்கள். 'ர' என்றார்கள். 'சி' என்றார்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டது. இனி கையை வீசிச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெசியா டீச்சரால் முடியவில்லை, அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

இசக்கியம்மாதான் கையை வீசினாள். அவள் வாசித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். பொழுது இருட்டியும் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைச் சாப்பிட வரச்சொல்லுகிற மாதிரி, கடைசி எழுத்தை நீட்டி, கலையரசீ என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள். மகாராஜனும் பார்த்தான். கெசியா டீச்சர் சிலேட்டை மடியில் கவிழ்த்துவிட்டுப் பார்த்தார். பேயும் கிடையாது, கன்னியும் கிடையாது என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற நானும் திரும்பிப் பார்த்தேன். வேடிக்கைக்காகப் பார்க்கவில்லை. அப்படிக் கூப்பிட்டால் எந்தப் பிள்ளையும் வந்துவிடும் என்று நம்பித்தான் பார்த்தேன்.